நடையைக் கட்டு பூ

'சரி, அப்ப நான் கிளம்புறேன்' என்று ஒலி எழுப்பும் உயிரினம் ஒன்று உண்டு. கூவலை வைத்துக் குயிலைக் கண்டுபிடிப்பது போல இந்த ஒலியை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே கிளம்புகிறவர்களும் இதே ஒலியைத்தான் எழுப்புகிறார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். அவர்கள் போய்விடுவார்கள். இது உட்கார்ந்திருக்கும்.

பல்லி, பாம்பு, பாலூட்டி என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லா உயிரையும் வகை பிரித்துப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் எந்தப் பாடத்திலும் காணோம். பாடம் எழுதிய வாத்தியார் வீட்டிலேயே ஒன்று உட்கார்ந்திருந்திருக்கும். அதை எதிரே வைத்துக்கொண்டு அவர் எப்படி எழுதுவார், பாவம்?

ஆகவே லட்சணங்களை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் அது இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு முழங்கால்களையும் தட்டும். தட்டிய கையோடு எழுந்திருக்கும் என்று நீங்கள் காலி டம்ளர்களை எடுக்கப் போனால், கால் மாற்றிப் போட்டுக்கொண்டு 'அது இருக்கட்டும், அந்தப் பாலம் விஷயம் என்ன ஆச்சு?' என்று கேட்கும். பாலம் முடிந்து, பாலம் கட்டியவன் முடிந்து, அவன் மச்சினன் வரைக்கும் முடிந்த பிறகு எழுந்து நிற்கும். நின்றபடி மழையைப் பற்றிப் பேசும். வாசலுக்கு வந்து ஒரு காலில் ஷூ மாட்டிக்கொண்டு இன்னொரு காலைத் தரையில் ஊன்றாமல் கொக்கு மாதிரி நிறுத்தி வைத்துக்கொண்டு, உண்மையில் எதற்காக வந்ததோ அந்த விஷயத்தை அப்போதுதான் ஆரம்பிக்கும். அப்புறம் தோட்டத்துக் கேட். கேட் ஒரு தனி உலகம். அங்கே குளிர்காலம் முழுக்கக் கழித்தவர்கள் உண்டு.

கருங்கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கும் நம் ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி நஸ்மி. ஹேசல் கொட்டைக் கிடங்கில் தராசுக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் பூராவும் மற்றவர்களுடைய மூட்டைகளை நிறுத்தே பழகியவர் என்பதால் தன்னை எங்கே வைத்தாலும் அங்கேயே கனமாக உட்காரத் தெரிந்தவர். அவர் தினமும் வந்து உட்கார்ந்த இடம், எதிர் வரிசையில் இருக்கும் முர்வெத்தின் வீட்டு சோபா. அதன் இடது மூலை அவர் உருவத்துக்கே குழிந்துபோய்விட்டது. அவர் இல்லாத நேரத்தில்கூட யாரோ உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும்.

நஸ்மியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊர் வழக்கம் அப்படி. விருந்தாளி எழுந்தால் வீட்டுக்காரர் 'என்ன அவசரம், உட்காருங்க' என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் மறுநாள் ரொட்டிக்கடையில் உங்கள் பரம்பரையையே பிய்த்து எடுத்துவிடுவார்கள். 'உட்காருங்க' என்றால் 'போயிட்டு வாங்க' என்று எல்லோருக்கும் தெரியும், நஸ்மியைத் தவிர. அவர் சொன்ன சொல்லை நம்புகிறவர். அதேபோல, தேநீர் போதும் என்றால் கரண்டியை டம்ளரின் குறுக்கே வைக்க வேண்டும். வைக்காதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நஸ்மியின் கரண்டி ஒரு நாளும் படுத்ததில்லை.

முர்வெத்தின் கணவர் யாஷார் இருக்கிறாரே, அவர் இன்னும் மோசம். அவரிடமிருந்து வருகிற ஒரே வாக்கியம் 'என்ன அவசரம், உட்காருங்க'தான். தபால்காரனிடம் சொல்வார். பல்லைப் பிடுங்கிய டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆக, ஒரு பக்கம் உட்காரச் சொல்கிறவர், ஒரு பக்கம் உட்காருகிறவர், நடுவில் டம்ளர் கழுவுகிறவள். முர்வெத் எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். கொட்டாவி விட்டாள், பாவம் தூக்கம் வருகிறது போல என்று நஸ்மி குரலைத் தணித்துக்கொண்டு தொடர்ந்தார். விளக்கை அணைத்தாள், மின்சாரம் போனதாக நினைத்துத் துணைக்கு இருந்தார். வாயைத் திறந்து 'போங்கள்' என்று மட்டும் அவளால் சொல்ல முடியாது. அதைச் சொன்ன பெண் நம் ஊரில் இதுவரை பிறக்கவில்லை, பிறந்திருந்தால் இங்கே இருந்திருக்க மாட்டாள்.

அதனால்தான் அவள் அந்தப் பூவை நாடினாள்.

கோடையில் அக்காவைப் பார்க்க மலைக்குப் போயிருந்தபோது வந்த யோசனை அது. மலைமேய்ச்சலில் வருஷா வருஷம் ஒரு பூ பூக்கும். குங்குமப்பூவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஆனால் சமையலுக்கு ஆகாது. மற்ற பூக்களெல்லாம் முடிந்து, புல் பழுத்து, காற்றில் முதல் குளிர் வந்ததும், ஒரு இலைகூட இல்லாமல், வெறும் மண்ணைக் கிழித்துக்கொண்டு ஊதா நிறத்தில் எழுந்து நிற்கும். இதழில் மெல்லிய நரம்பு, நடுவில் நெருப்பு மாதிரி ஒரு நாக்கு. அதைப் பார்த்ததும் மேய்ப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குடிசையைப் பூட்டி, மாடுகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். பனி வரப்போகிறது என்று அர்த்தம். அதனால் அதற்கு மலையில் 'வர்கித்' என்று பெயர். நம் பேச்சில் சொன்னால், 'நடையைக் கட்டு'.

யோசித்துப் பாருங்கள். ஆயிரம் மாட்டையும் அதன் சொந்தக்காரர்களையும் ஒரு வார்த்தை பேசாமல் மலையை விட்டு இறக்குகிற பூ, ஒரே ஒரு நஸ்மியை சோபாவை விட்டு இறக்காதா?

மடி நிறையக் கிழங்குகளோடு இறங்கி வந்தாள் முர்வெத். கேட்டிலிருந்து வாசல் வரை போகும் பாதையின் இரண்டு ஓரமும் நான்கு விரல் ஆழத்துக்குக் குழி தோண்டி நட்டாள். கோடையில் காய்ந்து கிடக்கும் இடம் அதற்குப் பிடிக்கும். கொட்டை மரத்தடி அதற்கு ஏற்ற இடம். எலி தோண்டாமல் இருக்க மேலே சரளைக்கல் போட வேண்டும். ஆகஸ்டு பாதியிலிருந்து அந்தப் பக்கம் அரிவாள் படக் கூடாது. அரிவாள் விஷயத்தை யாஷாரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். வெங்காயம் என்று நினைத்து அவர் தலையாட்டினார்.

ஆனால் நட்டது முழுக்க அவள் மட்டும்தான் என்று சொல்ல முடியாது. அவள் குனிந்து தோண்டுவதை எதிர்வீட்டிலிருந்து பார்த்து, பொம்பளை தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று மனம் கேளாமல் ஓடி வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, முக்கால்வாசிக் கிழங்குகளைத் தன் கையாலேயே நட்டுத் தண்ணீர் விட்டது யார் தெரியுமா? நஸ்மி. தன்னை வெளியேற்றும் அறிவிப்பைத் தானே வரிசை தவறாமல், கயிறு பிடித்து நேர் பார்த்து நட்ட ஒரே மனிதர் அவர்தான். நட்டு முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கும் இருந்தார்.

அக்டோபரில் பூத்தது. அப்பப்பா, என்ன பூப்பு. பாதையின் இரண்டு பக்கமும் 'நடையைக் கட்டு, நடையைக் கட்டு' என்று ஊதாவாகக் கத்திக்கொண்டு நின்றது. ஜன்னல் திரைக்குப் பின்னால் முர்வெத் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நஸ்மி கேட்டைத் திறந்தார். நின்றார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

பிறகு உள்ளே வந்து, இவ்வளவு அழகான பூவைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றும், வெயில் இருக்கும்போதுதான் அது விரிகிறது என்றும், ஆகையால் இனிமேல் சாயங்காலம்வரை காத்திராமல் மத்தியானமே வந்துவிடப் போவதாகவும் சொன்னார்.

முர்வெத் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டாள். நஸ்மி கடற்கரைக்காரர். நெத்திலி எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும். மலை ஏறியதே கிடையாது. அவருக்கு அது பூ. அவ்வளவுதான். அதன் பெயர் மலைக்காரர்களுக்கு மட்டும்தான் காதில் விழும்.

அந்த வாரமே மலைக்காரர்கள் வந்தார்கள்.

முர்வெத்தின் மகள் எசினும் மலையடிவாரத்துக்கு மினிபஸ் ஓட்டும் துன்ஜாயும் இரண்டு வருஷமாக ஒருவரை ஒருவர் விரும்பிக்கொண்டிருந்தார்கள். தடையாக இருந்தது துன்ஜாயின் அம்மா ஹாஜெர். கணவர் இல்லாமல் மந்தையையும் மகன்களையும் ஒரே தடியால் வளர்த்தவள். மூத்த மகனுக்குப் பெண் கேட்கப் போன இடத்தில் தேநீர் ஆறியிருந்தது என்று எழுந்து வந்தவள். அந்த மகன் இன்றைக்கும் தனியாகத்தான் மாடு கறக்கிறான். அப்படிப்பட்டவள் ஒருவழியாக மனம் இளகி, மந்தை இறங்கியதும் சனிக்கிழமை மத்தியானம் பெண் கேட்க வருவதாகச் சொல்லியனுப்பினாள். எழுந்து போனால் திரும்பி வருகிற ஆள் இல்லை. எசின் அன்றைக்கே பழம் மாதிரி சிவந்து, அப்புறம் மாவு மாதிரி வெளுத்து, காரணமில்லாமல் ஒரே பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்தாள்.

வீடு தலைகீழானது. திரை துவைத்து, கம்பளம் தட்டி, கேட்டுக்கு எண்ணெய் போட்டு, பாதையைக் கழுவி, பூ பளிச்சென்று தெரியட்டும் என்று உதிர்ந்த இலைகளைக்கூட முர்வெத் தன் கையாலேயே பொறுக்கிப் போட்டாள். சனிக்கிழமை முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நஸ்மியிடம் நாசூக்காகச் சொல்லும்படி யாஷாரிடம் சொன்னாள். யாஷார் நாசூக்காகச் சொன்னார். இப்படி ஒரு நாளில் நான் இல்லாமலா என்று நஸ்மி கோட்டும் டையுமாக விருந்தாளிகளுக்கு முன்பே வந்து தன் குழியில் அமர்ந்தார்.

ஹாஜெர் கேட்டைத் திறந்தாள். பாதையைப் பார்த்தாள். இடது ஓரம் பார்த்தாள், வலது ஓரம் பார்த்தாள். முகம் கல்லானது. பின்னால் சாக்லேட் பெட்டியும் பூங்கொத்துமாக வந்த துன்ஜாய், அம்மா திடீரென்று நின்றதால் அவள் முதுகில் முட்டிக்கொண்டான்.

உள்ளே வந்தாள், உட்கார்ந்தாள், கோட்டைக் கழற்றவில்லை. மலைக்குளிரைப் பற்றிக் கேட்டால் 'ம்' என்றாள். பயணத்தைப் பற்றிக் கேட்டால் 'வந்தோம்' என்றாள். முர்வெத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறையில் எசின் கூடத்துப் பேச்சில் காதை வைத்துக்கொண்டு, பெண் கேட்க வந்தவனுக்குத் தரும் காப்பியில் வழக்கப்படி உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தாள். முகம் சுளிக்காமல் குடித்தால்தான் மாப்பிள்ளை. அந்தக் கவனத்தில் உப்பு ஜாடியில் பாதி போய்விட்டது.

ஹாஜெர் எழுந்தாள்.

"நாங்க கிளம்புறோம்."

"காப்பி இன்னும் வரலையே அக்கா," என்றாள் முர்வெத்.

"எதுக்கும்மா காப்பி? அதான் வாசல்லயே சொல்லிட்டீங்களே. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசை கட்டி நட்டு வச்சுச் சொல்லியிருக்கீங்க. பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா போன்ல சொல்லியிருக்கலாம். இருக்கிற ஒரே நல்ல கோட்டை மாட்டிக்கிட்டு இறங்கி வந்திருக்க மாட்டேன்."

அப்போதுதான் முர்வெத்துக்கு விளங்கியது. காதுக்குள் ஆயிரம் மாட்டு மணி அடித்தது.

விளக்கம் சொல்வது மிகச் சுலபம். 'ஐயோ அக்கா, அது உங்களுக்கு இல்லை, இதோ இந்த மனுஷனுக்கு' என்று ஒரு விரலை நீட்டினால் போதும். மகளின் வாழ்க்கை பிழைத்துவிடும். விரல் எழுந்தும்விட்டது. ஆனால் விரலுக்கு நேராக, டை கொஞ்சம் கோணலாக, ஷேவ் செய்ததில் தாடையில் கீறல் பட்டு அதில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியபடி, இன்றைக்கு ஏதோ தனக்குமான நாள் என்கிற சந்தோஷத்தோடு நஸ்மி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மகளா, இந்தச் சிரிப்பா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பெரிய தர்மசங்கடம். முர்வெத் நீட்டிய விரலால் தன் மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

"என்ன அவசரம், உட்காருங்க," என்றார் யாஷார். அவர் வேறென்ன சொல்வார்?

ஹாஜெர் உட்காரவில்லை. நடந்தாள். எல்லோரும் எழுந்ததைப் பார்த்த நஸ்மி, அப்ப நானும் கிளம்புறேன் என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர் என்பதால் முதல் ஆளாக நடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

நம் ஊர் நடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் அகலம். ஒரு முக்காலி. அந்த முக்காலியில் நஸ்மி உட்கார்ந்து ஷூ மாட்ட ஆரம்பித்தார். ஹாஜெரின் ஷூ முக்காலிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மலையையே இறங்கி வந்தவளுக்கு அந்த முக்காலியைத் தாண்ட வழியில்லை.

நஸ்மி ஒரு ஷூவை மாட்டினார். பிறகு அண்ணாந்து பார்த்து, ஒரு முறை கிடங்கில் தராசே பொய் சொன்ன கதையை ஆரம்பித்தார். நீளமான கதை. நடுவில் ஒரு கழுதை வரும். கழுதை வந்து சேருவதற்குள் எசின் காப்பித் தட்டோடு நடைக்கே வந்துவிட்டாள். வந்த காப்பியைத் தொடாமல் போவது எதிரிகள்கூடச் செய்யாத காரியம். ஹாஜெர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கோப்பையை எடுத்தாள். துன்ஜாய் தன்னுடையதை எடுத்து, எசினைப் பார்த்தபடி, ஒரே மூச்சில் குடித்தான்.

கருங்கடலைக் கோப்பையில் ஊற்றிக் குடித்த மாதிரி இருந்திருக்கும். முகம் சுளிக்கவில்லை, அது வீரம். ஆனால் கண்ணை அவன் என்ன செய்வான்? இரண்டு கண்களிலிருந்தும் பொலபொலவென்று கொட்டியது. அப்பா செத்த அன்றைக்கும் அழாத பிள்ளை அழுவதை ஹாஜெர் பார்த்தாள்.

"அழாதே தம்பி," என்றார் நஸ்மி, கழுதையை நடுவழியில் விட்டுவிட்டு. "வெளிய வா, பூவைப் பாரு, மனசு சரியாப் போயிடும். நான் நட்டதாக்கும். தினம் இதைப் பார்க்கத்தான் வர்றேன். பார்த்தா, வீட்டுக்குப் போகவே தோண மாட்டேங்குது."

ஹாஜெர் மெதுவாகத் திரும்பினாள். "நீங்களா நட்டீங்க?"

"நானேதான். முர்வெத் தங்கச்சி குழி தோண்டிச்சு, நான் நட்டேன்."

ஹாஜெர் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருக்கும் நஸ்மியைப் பார்த்தாள். கதவு நிலையில் சாய்ந்து நெற்றியில் கைவைத்திருக்கும் முர்வெத்தைப் பார்த்தாள். திறந்த கதவு வழியே சோபாவின் இடது மூலைக் குழியைப் பார்த்தாள். மாட்டுத் தடத்தை வைத்தே எந்த வீட்டு மாடு என்று சொல்லுகிறவள். குழியைப் படிக்க அவளுக்கு எவ்வளவு நேரம்? வாயோரம் ஒரு துடிப்பு வந்தது. அதை அடக்கக் காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"இதுக்கு என்ன பேருன்னே தெரியலைக்கா," என்றார் நஸ்மி. "தங்கச்சியைக் கேட்டா மறந்துட்டேங்குது. நீங்க மலைக்காரங்க. உங்களுக்குத் தெரியுமே?"

எசின் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். யாஷார்கூட வாயை மூடிக்கொண்டார்.

ஹாஜெர் வெளியே பார்த்தாள். வெயிலில் ஊதாப் பூக்கள் பாதை நெடுக வாய் திறந்து நின்றன.

"எங்க மலையில," என்றாள், "இதுக்கு 'இருந்துட்டுப் போ'ன்னு பேரு."

நஸ்மி அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு குனிந்து, மாட்டிய ஒற்றை ஷூவைக் கழற்றினார்.

"அப்ப இருந்துட்டே போவோமே," என்றார். "பூவே சொல்லும்போது நாம என்ன?"

ஹாஜெர் கோட்டைக் கழற்றி முர்வெத்தின் கையில் கொடுத்தாள். "இதை மாட்டுங்க சம்பந்தி," என்றாள்.

பெண்ணைக் கேட்டார்கள், யாஷார் 'குடுத்தாச்சு' என்றார். அவர் வாயில் அப்படி ஒரு சொல் இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மலைக்காரர்கள் இருட்டின பிறகுதான் கிளம்பினார்கள். நஸ்மி அவர்களுக்குப் பிறகு.

அடுத்த கோடையில் நஸ்மி கொஞ்சம் கிழங்கு கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் கேட்டின் இரண்டு பக்கமும் நட்டார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பெயரைச் சொன்னார். மலைக்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு போனார்கள். ஹாஜெரின் தடிக்குப் பயந்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. பூத்த முதல் நாள், எசின் கல்யாணத்துச் சர்க்கரை வாதுமைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்று முர்வெத் அவர் வீட்டுக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் உள்ளே நுழைவது அதுதான் முதல் தடவை. அடுப்பில் இரண்டு பேருக்கான கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி போன பிறகு ஒருவருக்கு மட்டும் போடத் தெரியவில்லை, தினமும் பாதியைக் கொட்டுகிறேன் என்றார் நஸ்மி, சும்மா ஒரு தகவல் போல. முர்வெத் உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்றும். வெளிச்சம் மங்கிப் பூவெல்லாம் மூடிக்கொண்ட பிறகு அவளைத் தேடி வந்த யாஷாரிடம், இதோ வந்துவிட்டேன், நீங்கள் போங்கள் என்றாள்.

சரி, நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தபடி படித்தீர்கள். உங்கள் ஊர் நஸ்மியின் பெயரை மனதுக்குள் சொல்லியும் பார்த்திருப்பீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தை நீங்களாகவா எடுத்தீர்கள்? அல்லது போன இடத்தில் யாராவது சிரித்த முகத்தோடு 'இதைப் படிச்சுப் பாருங்க, நல்லா இருக்கும்' என்று உங்கள் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கிறார்களா?